வெறும் ஆணியும் ஆயுத பூஜையும்

நான் போனில் சொன்ன ஓர் எண், முகம் தெரியாத ஓர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. அம்மனை நம்பும் சொந்தங்களே, அவள் அதைத் தடுத்த விதத்தைக் கேளுங்கள்.

அது உலக யுத்தக் காலம். மாத்தளை மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் வேலை கிடைத்தது. சுவரில் தொங்கும் பாரோமீட்டரைப் பார்த்து, காற்றின் அழுத்தத்தைத் தினமும் போனில் சொல்ல வேண்டும். நாவுலை ஊருக்கு அப்பால் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் எங்கள் மலையைத் தாண்டிப் பறப்பார்கள். உயரம் காட்டும் கருவியை என் எண்ணுக்குத்தான் திருப்பி வைப்பார்கள்.

"ஏரோப்ளேன் எங்க புள்ளயக் கேட்டுத்தான் பறக்குது!" அப்பா நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லித் திரிவார்.

ஆயுத பூஜையன்று நான் கந்தோருக்கு வருவதற்குள் அப்பா பாரோமீட்டரைக் கழற்றி, தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். கீழே தேடிப் போனால், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்கு நடுவே அது சந்தனப் பொட்டோடு இருந்தது.

"என்னப்பா இது?"

"கத்தி எங்க ஆயுதம். இது ஒன் ஆயுதம் இல்லையா தாயி? நாளைக்கி வரைக்கும் எடுக்கக் கூடாது."

கோபம் வரவில்லை. எடுக்கத்தானே கூடாது, பார்க்கலாமே! முள்ளைப் பார்த்தேன். கந்தோருக்கு ஏறி வந்து எண்ணைப் போனில் சொல்லிவிட்டேன்.

புத்தகத்தில் எழுதும்போது கை நின்றது. நேற்றையதைவிட எண் நிறையக் கூடியிருந்தது. வெளியிலோ மேகம் மலையுச்சியை மூடிக்கொண்டிருந்தது; மழை வரும் நாளில் எண் குறையத்தானே வேண்டும்? சுவரைப் பார்த்தேன். வெறும் ஆணி.

கோயில் கந்தோரைவிட இருநூறு அடி பள்ளத்தில் இருக்கிறது. கீழே இறங்க இறங்கக் காற்றின் பாரம் கூடும், முள்ளும் ஏறும். படித்த பாடம்தான். என் எண்ணை நம்பினால் விமானத்தின் உயரக் கருவி இல்லாத இருநூறு அடியைக் கூட்டிக் காட்டும். ஓட்டுகிறவன் மேகத்துக்குள் நேராக மலையில் மோதுவான்.

போனைச் சுற்றினேன். வெளியே இடி. மூன்று தடவை சுற்றியும் போனில் உயிரில்லை.

"லைன் போச்சு புள்ள" என்றார் எங்கள் கிளாக்கர்.

அந்த ஆணிக்கு முன்னால் கைகூப்பி அழுதேன். "மாரியம்மா, படிச்சவங்கிற என் கர்வம் போகட்டும். தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன். லைன மட்டும் குடு."

நாலாவது தடவை குரல் கேட்டது.

"நான் சொன்னது தப்பு! ஏரோப்ளேன நிறுத்துங்க!"

"ஐயோ, ஏரோப்ளேன் விசிறி சுத்துதே, கெளம்பப் போகுதே!" விமானத் தளத்துத் தமிழ்க் கிளாக்கர் போனை அப்படியே விட்டு ஓடினார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு இளைக்க இளைக்கச் சொன்னார்: "நிறுத்தியாச்சு தங்கச்சி."

அதோடு லைன் மறுபடியும் போனது. கொட்டிய மழையில் பொழுது சாயும்வரை மலையே தெரியவில்லை.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். "அப்ப இனிமே பூஜைக்கு அது கீழ வர வேணாம், அம்மன்தான் மேல ஏறி வரணும்."

அன்றிலிருந்து நான் தப்பை மறைப்பதில்லை. நீங்களும் மறைக்காதீர்கள். சொல்ல வழி அடைத்திருந்தால் அவளைக் கேளுங்கள், திறந்துவிடுவாள்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று அப்பா கோயில் சந்தனத்தோடு கந்தோருக்கே ஏறி வருகிறார். ஆணியில் தொங்குகிறபடியே பாரோமீட்டருக்குப் பொட்டு வைக்கிறார், முள்ளை மறைக்காமல், ஓரமாக.