மதகு இல்லாத ஏரி

லாட்ஜ் கேட்டைத் தாண்டி ஏரிச் சாலைக்கு இறங்கும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மேனேஜர் என் பையை மூன்றாவது முறையும் சோதிப்பார் என்று தோன்றியது. காலையில் அறையெடுத்துத் தங்கியிருந்த ஒருவரின் வாட்ச்சைக் காணோம். நான் பாத்திரம் கழுவுகிறவன், வந்து ஆறு நாள்தான் ஆகிறது, வேறு யாரைப் பிடிப்பார்கள்? பத்து மணிக்கு அது அவருடைய ஷூவுக்குள்ளேயே கிடைத்தது. "சரி, போய் அண்டாவைத் தேயி" என்றார் மேனேஜர். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு கிளீனராக இருந்திருக்கிறேன், பாடாலூர் ரோட்டுக்கடையில் மாவு பிசைந்திருக்கிறேன். ஏற்காட்டுக்கு வந்ததற்குப் பெரிய காரணம் கிடையாது. சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அந்த பஸ் காலியாக இருந்தது, ஏறி உட்கார்ந்தேன். இத்தனை ஊரில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். முன்பின் தெரியாதவர் சிரித்துக்கொண்டே வந்து ஊர் எது என்று கேட்டால், அடுத்து வேறு ஏதோ கேட்கப் போகிறார்.

அப்படித்தான் ஒரு பழைய வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் ஐம்பது வயது அம்மாள், மடியில் கட்டுச்சோற்றுத் தூக்கு.

"தம்பி, இங்க என்னல்லாம் பாக்கலாம்?"

"போட்ல போலாம். லேடீஸ் சீட் போனா கீழ சேலம் பூரா தெரியும். பெரிய கோயில் ஒண்ணு மலை உச்சியில இருக்கு. அருவி இப்ப காஞ்சு கெடக்கு."

"நீ எந்தூருப்பா? பேச்சு நம்ம பக்கமா இருக்கே" என்றாள் அம்மாள்.

திருமழபாடி பக்கம் என்றேன். அவர்கள் அரும்பாவூர். அக்காவும் தம்பியும். "அப்ப ஏறிக்க, எங்களுக்குச் சுத்திக் காட்டு. சாயந்தரம் கீழ எறக்கி வுட்டுர்றோம்" என்றார் தம்பிக்காரர். பஸ்ஸுக்கு நிற்பதற்கு இது மேல் என்று ஏறினேன். ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அக்காவும் தம்பியும் மட்டுமாக வேலை நாளில் ஊர் சுற்ற வருவார்களா? குழந்தை குட்டி இல்லை, கேமராவுக்கு நிற்கவில்லை, ஸ்வெட்டர் கூட இல்லை.

லேடீஸ் சீட்டில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். தம்பிக்காரர் போனை எடுத்து எதையோ பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். வாசலில் ஒருவன் கரியில் சோளக்கதிர் வாட்டிக்கொண்டிருந்தான். விலையைக் கேட்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"யக்கா, இங்க பாரு! நாம மூட்டை மூட்டையா கோழிப் பண்ணைக்கு ஏத்துறத இவன் எலுமிச்சம்பழம் தேச்சு விக்கிறான்."

"வாங்கித் தின்னுடாதடா. ஊருல சொன்னா சிரிப்பாங்க."

வாங்கித்தான் தின்றார். நானும் தின்றேன். நன்றாகவே இருந்தது.

ஏரிக்குத் திரும்பியபோது சந்தேகம் இன்னும் கூடியது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஏரியைப் பார்த்தால் போட் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள், மிளகாய் பஜ்ஜி எங்கே என்று கேட்பார்கள். அந்த அம்மாள் கரையோரக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "மதகு எங்க இருக்கு?" என்றாள்.

"எனக்குத் தெரியலீங்கக்கா."

"ஏரின்னா மதகு இருக்கணும்ல. எத்தினி ஏக்கர் பாயுது?"

கரை, மதகு, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கு இல்லாமல் எங்கள் பக்கம் ஏரியே கிடையாது. ஆறு நாள் அதன் கரையில் இருந்தும் எனக்கு இதைக் கேட்கத் தோன்றாததுதான் ஆச்சரியம்.

அப்போது தம்பிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை என் முன்னால் நீட்டினார். "இந்த ஆளைப் பாத்துருக்கியா?"

பார்த்திருக்கிறேன். போட் ஓட்டுகிறவர். முப்பது வயது. மலைக்கு வந்த அன்று மழையில் நின்ற என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, லாட்ஜில் ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியவர். அவரும் அரியலூர்ப் பக்கம்தான். இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, போனில் போட்டோ. ஃபைனான்ஸ்காரர்கள். பொம்பளையைக் கூட வைத்துக்கொண்டு ஆளைத் தூக்க வந்திருக்கிறார்கள்.

"இவரா? போன மாசமே வேலைய வுட்டுட்டுப் போயிட்டாருங்க. எங்க போனாருன்னு யாருக்கும் தெரியாது."

அம்மாள் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தம்பியிடம், "நிரந்தர வேலைன்னு புரோக்கர் சத்தியம் பண்ணான்டா. நான் அவளுக்கு என்ன சொல்லுவேன்? போட்டோவப் பாத்துட்டு ரெண்டு நாளா சிரிச்ச மூஞ்சியா திரியிறா" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெண்ணைக் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையை விசாரிக்க வந்தவர்கள் அவர்கள். சொல்லாமல் வந்து, வேடிக்கை பார்ப்பதுபோல் சுற்றி, அக்கம்பக்கம் கேட்டுப் போவது. எங்கள் பக்கம் அதைச் செய்யாமல் யார் பெண் கொடுக்கிறார்கள்?

"யக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அவரு இங்கதான் இருக்காரு. உங்கள ஃபைனான்ஸ்னு நெனச்சுட்டேன்."

அதற்குப் பிறகுதான் வம்பு. தம்பிக்காரர் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "இப்ப இருக்காங்கிற, அப்ப இல்லைன்ன. நீ அவன் ஆளா? நாங்க வரோம்னு எவன் சொன்னான்?"

"சும்மாருடா" என்றாள் அக்கா. "எங்க, ஆளைக் காட்டு. நாங்க யாருன்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

நடக்கும்போது அவளே சொன்னாள். புரோக்கர் சொன்ன வார்த்தை: மாப்பிள்ளைக்கு ஏரியில் வேலை. அவளுடைய அப்பா மதகு பார்த்தவர். மழை நாளில் ஊர் கூப்பிட்டால் ஓடிப்போய் முங்கி அடைக்க வேண்டும், கூப்பிட்டால் திறக்க வேண்டும். களத்தில் கூலி நெல் கடைசியாகத்தான் அவருக்கு விழும். ஒரு ஐப்பசியில் மடை அவர் கையை உள்ளே இழுத்துவிட்டது. அதன்பின் அந்தக் கையால் அவர் சோறு எடுத்துத் தின்றதில்லை. "எந்தம்பி இன்னைக்கி சொந்தமா சோளம் அடிக்கிற மிஷின் வச்சிருக்கான். எம்பொண்ணு நர்சிங் முடிச்சிருக்கா. மறுபடி ஒரு மதகாள் வூட்டுக்கு அவள அனுப்ப மாட்டேன்."

போட் ஹவுஸ் படிக்கட்டில் போட்டோவில் இருந்தவர் லைஃப் ஜாக்கெட்டுகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னா, லாட்ஜ அதுக்குள்ள வுட்டாச்சா?" என்று சிரித்தார். தம்பிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

துடுப்புப் போட்டில் நாலு பேரும் ஏறினோம். அம்மாள் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ள மறுத்தாள். "மாட்டுனாத்தாங்க எடுப்பேன்" என்றார் அவர். குரல் ஏறவில்லை, ஆனால் துடுப்பையும் தொடவில்லை. மாட்டிக்கொண்டாள்.

"தம்பி, ஓரமாவே போ. நடுவுல வேணாம்" என்றாள் அவரிடம்.

"ஓரத்துல என்னம்மா இருக்கு? நடுவுலதான் காத்து."

"நீ போப்பா."

கரையின் ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு முனையில் தாழ்வான சுவர் தெரிந்ததும் கையை நீட்டினாள். "அது என்னா?"

"மிஞ்சுன தண்ணி போற வழிம்மா."

"யாரு தொறப்பா?"

"யாரும் தொறக்க வேணாம். நெறஞ்சா அதுவா வழியும்."

"மதகு?"

"நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இந்தத் தண்ணி யாரு வயலுக்கும் நம்ம கையால போறதில்லம்மா. சும்மா சுத்தி வரதுக்குத்தான்."

"சும்மா சுத்தி வரதுக்கு ஒரு ஏரியா?" அவள் நம்பவில்லை. "நீ தண்ணிக்குள்ள முங்குவியா? உண்மையச் சொல்லு."

"நீச்சல் தெரியும். முங்குனேன்னா காண்ட்ராக்டர் சட்டை நனைஞ்சிருச்சேன்னு திட்டுவாரு."

முதலில் சிரித்தது தம்பிக்காரர்தான். அம்மாள் சிரிக்கவில்லை, ஏரியை இன்னொரு சுற்று சுற்றச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் துடுப்பைத் திருப்பினார். இரண்டாவது சுற்றில் அவள் கரையைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. விரல்கள் பத்தும் நேராக இருந்தன.

கரையில் இறங்கியதும் தாங்கள் யாரென்று சொன்னாள். அவர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா சேவிங்காச்சும் பண்ணியிருப்பேனே" என்றார்.

"நாளைக்கி அரும்பாவூர் வந்து பொண்ணப் பாரு. அவ சரின்னாதான் மத்தது."

சீசன் நேரம், மாற்று ஆள் இல்லாமல் ஒரு நாள் கூட விட முடியாது என்றார் காண்ட்ராக்டர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேன் என்னை விட்டுவிட்டுத்தான் கீழே இறங்கியது.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகும் வழியில் கொக்கிக் கம்பை என்னிடம் கொடுத்தார். கரைக்கு வரும் போட்டை இழுத்துப் படியோடு அணைக்கும் கம்பு அது. "ஒரே நாளுதான். எடத்தப் புடிச்சுக்கலாம்னு பாக்காத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் வளைவு திரும்பும் வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். காண்ட்ராக்டர் என் ஆதாரை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். எட்டு மணிக்கு முதல் போட் கரைக்கு வந்தது, கொக்கியைப் போட்டு இழுத்தேன்.