மச்சானுக்கு ஹெல்பர்

1991-இல் மண்ணூர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் லைன் முழுக்க நான் போட்டது. எனக்குக் கீழே நாலைந்து பேர் வேலை செய்தார்கள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. டை செட்டைக் கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே குழாயில் திரெட் போடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

தண்ணீர் வேலை முடியும் சமயத்தில், கேன்டீனுக்கும் பர்னஸ் உலைக்கும் கேஸ் லைன் போட வேறு ஆட்கள் வந்தார்கள். பிளம்பர் வேலை கட்டடத்தோடு முடிந்துவிடும், கேஸ் வேலை தெரிந்தவனுக்கு ஃபேக்டரி ஓடுகிற வரைக்கும் வேலை இருக்கும் என்று சைட் இன்ஜினியர் சொன்னார். அது மனதில் தைத்துவிட்டது.

எப்படிக் கற்றுக்கொள்வது என்று விசாரித்தேன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சேரப் பத்தாவது கேட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சிலிண்டர் கடையில் அடுப்பு ரிப்பேர் சொல்லிக்கொடுத்து ஒரு மெக்கானிக் கார்டு தருவார்கள். சீக்கிரம் முடிந்துவிடும். மூன்றாவது வழி, வெல்டிங் டெஸ்ட் பாஸான கேஸ் ஃபிட்டர் ஒருவரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, வெல்டிங் பழகி, கான்ட்ராக்டர் சிபாரிசில் நாமும் டெஸ்ட்டுக்குப் போவது. எனக்குத் தெரிந்த ஒரே ஃபிட்டர் இந்த சைட்டுக்கு வந்திருந்த பாபு. அவன் என் மனைவி கஸ்தூரியின் தம்பி. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக அரை டிராயரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி விழுந்தவன்.

கஸ்தூரிதான் அவனிடம் பேசினாள். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

பெயர்

முதல் நாள் பாபு என்னைப் பார்த்து, "மாமா, அந்த ஹோஸ எடுத்துக்கினு வாங்க" என்றான். பக்கத்திலிருந்த வெல்டர்கள் சிரித்தார்கள். மெட்ராஸ் பக்கம் அந்த வார்த்தைக்கு இருக்கிற, கூட்டிக்கொடுப்பவன் என்கிற இன்னொரு அர்த்தத்தை வைத்து ஒருவன் ஏதோ சொன்னான். நான் பாபுவைத் தனியாக அழைத்து, வேலை இடத்தில் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். அவனும் சரி என்றான். மறுநாள், "ஏகாம்பரம், கிரைண்டர் கொண்டா" என்றான். நான் கேட்டு வாங்கியதுதான். ஆனாலும் காது சுட்டது. என்னிடம் வேலை செய்த ஆட்கள் இன்னும் அதே சைட்டில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாத பக்கமாக நடக்கப் பழகிக்கொண்டேன்.

டிரெஞ்ச்

ஒரு நாள் பாபு மறைமலை நகருக்கு மெட்டீரியல் எடுக்கப் போயிருந்தான். சிலிண்டர் ஷெட்டிலிருந்து கேன்டீன் வரை பைப்பைச் சுவரில் கிளாம்ப் போட்டுக் கொண்டுபோக வேண்டும். கீழே கேபிளுக்காக வெட்டிய டிரெஞ்ச் நேராகப் போய்க்கொண்டிருந்தது. சுவரைச் சுற்றுவதற்குப் பதில் இதில் போட்டால் பாதி பைப் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. அவன் வருவதற்குள் முடித்து ஒரு நல்ல பெயர் எடுக்கலாம் என்று பைப்பை இறக்கி ஜாயின்ட் அடித்துவிட்டேன்.

பாபு திரும்பி வந்தபோது சைட் இன்ஜினியரும் கூடவே வந்தார். இருவரும் டிரெஞ்சைக் குனிந்து பார்த்தார்கள். பாபுதான் முதலில் நிமிர்ந்தான்.

"ஏகாம்பரம், இத்த யாரு இங்க போடச் சொன்னது? தண்ணி லைன்னு நெனச்சிக்கினியா? கேஸ் காத்த விட கனம். லீக்கானா பள்ளத்துலயே தங்கிக்கும். எவனாவது பீடி பத்த வச்சா இன்னா ஆவும்? மொத்தத்தயும் அவுத்துப் போடு."

கேன்டீன் மேஸ்திரி, வெல்டர்கள், என் பழைய ஆட்கள், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் டிரெஞ்சில் இறங்கி, நான் அடித்த ஜாயின்ட்டை நானே அறுத்தேன். நிமிரவே இல்லை. பழைய ஆளில் ஒருவன் உதவிக்கு இறங்கினான். அவனை மேலே போகச் சொல்லிவிட்டு அடுத்த ஜாயின்ட்டை அறுத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கஸ்தூரி எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அதிலிருந்தே புரிந்தது.

பிறகு சிலிண்டர் கடைக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கார்டு கிடைத்துவிட்டால் ஃபேக்டரி லைனும் தைரியமாக எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். எனக்கு அந்த மரியாதை ரொம்பத் தேவையாக இருந்தது. சேர்ந்துவிடலாம் என்றே முடிவு செய்தேன். எழுந்திருக்கும்போது, "டிரெஞ்ச்ல பைப் போடலாமாங்க?" என்று கேட்டேன்.

"தாராளமா போடுங்க. யாரு கண்ணுக்கும் தெரியாது, நீட்டா இருக்கும்."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, சேராமலே வந்துவிட்டேன்.

வீட்டில் பாபு உட்கார்ந்திருந்தான். கஸ்தூரி சோறு போட்டும் அவன் கை வைக்கவில்லை. "எல்லார் எதிர்லயும் அப்டி பேசினது தப்பு மாமா" என்றான். பைப்பைப் பற்றிச் சொன்னது தப்பு என்று அவன் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

"காலையில எத்தினி மணிக்கு வரட்டும்?" என்று கேட்டேன். ஒரு ஹெல்பர் ஃபிட்டரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவன் தட்டைப் பார்த்தபடியே, எப்போதும் வருகிற நேரம்தான் என்றான்.

டெஸ்ட்

அவனிடம் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தேன். முதல் டெஸ்ட்டில் நான் அடித்த வெல்டு, பலம் பார்க்க வளைக்கும்போதே விரிசல் விட்டது. என்னோடு வந்த பையன்கள் பாஸாகிப் போனார்கள். தம்பி வயதுக்காரர்களோடு மறுபடியும் வரிசையில் நின்று இரண்டாவது முறை தேறினேன். பின்னால் ஒரகடம் பக்கம் ஃபேக்டரிகள் வர வர, என் பொறுப்பில் நிறைய லைன்கள் போட்டேன்.

எந்த வழி நல்லது என்று பிளம்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சீக்கிரம் கார்டு தருகிற இடத்தை விடுங்கள், நீங்கள் போட்ட பைப்பை அவிழ்க்கச் சொல்கிற ஆளிடம் போங்கள் என்பேன். வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். அது ஆறாது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அதோடுதான் வேலைக்குப் போனேன்.