யாருக்குத் தம்பி?

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை உடனே எழுதியாக வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். தவறினால் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பு இறப்புப் பதிவுக் கோப்புகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன் நான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்த எத்தனையோ தம்பதிகளிடம், வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு செய்யுங்கள், சட்டம் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது என் பிரிவின் வேலையில்லை.

பேரன் பிறந்த பிறகு அந்த வேலை என் வீட்டைத் தேடி வந்தது.

மகனுக்குச் சென்னையில் உத்தியோகம். வார இறுதியில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து போவான். பிரசவத்துக்காகக் கீழ்பென்னாத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மருமகள், மூன்றாம் மாதம் குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. திரும்பவில்லை. பெயர் முடிவாகாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மகனும் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டான். முதலில் வேலை ஜாஸ்தி என்றான், பிறகு காரணமே சொல்வதில்லை. வீட்டில் தொட்டில் வாங்கிக் கட்டியாயிற்று. என் மனைவி அதில் துவைத்த துணிகளை மடித்துப் போட்டு வைக்கத் தொடங்கினாள். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இது மருமகளுக்கு முதல் பிரசவமில்லை. முந்தைய பையன் நிறைமாதத்தில் இறந்து பிறந்தான். அவன் உள்ளே இருந்தபோதே இருவரும் சேர்ந்து அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அவள் வயிற்றில் கை வைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், உள்ளிருந்து ஓர் உதை விழும், மகன் சிரிப்பான். பக்கத்து அறையில் செய்தித்தாள் படிப்பதுபோல நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். இறந்து பிறந்த குழந்தைக்கும் பதிவு உண்டு. நான்தான் போய்ப் பதிந்தேன். அதில் குழந்தையின் பெயருக்கு இடம் கிடையாது.

இப்போது அவள் அதே பெயரை இவனுக்கு வைக்க வேண்டும் என்றாள். மகன் கூடவே கூடாது என்றான். விஷயம் இவ்வளவுதான்.

அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க மகன் பிடித்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். பொறியியல் படித்தவன், ராகுகாலம் பார்க்காதவன், நேராக ஒரு ஜோசியரிடம் போனான். குழந்தை திருவாதிரை, மூன்றாம் பாதம். ஈசனின் நட்சத்திரம், அதுவும் இந்த ஊரில், என்று ஜோசியர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பெயரின் முதலெழுத்து இதுதான் என்று சொல்லியிருக்கிறார்: ங. அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரை யாராவது சொன்னால் என் ஓய்வூதியத்தை எழுதிக் கொடுக்கிறேன். மகன் தளரவில்லை. "க கூட வைக்கலாமாம்பா, தோஷம் கம்மியாம்" என்று தொலைபேசியில் சொன்னான். குரலில் விளையாட்டே இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று திட்டம் போட்டேன். தாய் பெயரின் முதலெழுத்தையும் இனிஷியலாகப் போடலாம், அதற்கு இடமுண்டு என்று மருமகளிடம் எடுத்துச் சொன்னேன். பதினெட்டு வயதில் அவனே அரசிதழில் மாற்றிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, எனக்கு எல்லா வழியும் தெரிஞ்சுபோச்சு. உங்க பையனுக்கு என்ன பயம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டேன். "அந்தப் பேரு காதுல விழுந்தா இவனுக்கும் ஏதாவது ஆயிடும்னு தோணுதுப்பா" என்றான். இதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை. அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியில் சம்பந்தி ஒரு நாள் குறித்தார். பெயர் சூட்டுவது என்று கூட்டினால் பெயர் தானாக வரும் என்பது அவர் கணக்கு. நல்ல நாள், ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி என்பதை இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. பௌர்ணமியன்று சென்னையிலிருந்து புறப்படும் பேருந்தெல்லாம் கிரிவலக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நேராகத் திருவண்ணாமலைக்குத்தான் வரும். வழியில் கீழ்பென்னாத்தூரில் நிற்காது.

நானும் மனைவியும் காலையிலேயே கீழ்பென்னாத்தூர் போய்விட்டோம். மகனைக் காணவில்லை. தொலைபேசி அணைந்து கிடந்தது. ஐயர் பெயரை எழுதத் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கப்படி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாதான் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். பேருந்தில் இடம் கிடைத்திருக்காது என்று சம்பந்தியிடம் சொன்னேன். வரமாட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்று அவன் வராவிட்டால் பிறகு எந்த நாளும் வரமாட்டான் என்பதும், இவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்பதும், அந்தத் தொட்டிலில் துணிதான் கிடக்கும் என்பதும் கண்முன் ஓடின. மருமகள் வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நல்ல நேரம் முடியும் தறுவாயில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பேருந்து அவனைத் திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தற்காலிக நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது. அங்கிருந்து கூட்டத்துக்கு எதிராக நடந்து, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சொந்த ஊர்க்காரனுக்கே பௌர்ணமி தெரியலையா?" என்று சம்பந்தி கேட்டார். நாள் குறித்தது யார் என்று என் மனைவி அவரிடம் கேட்கவில்லை. பெரிய மனசு.

கால் கழுவி வந்து உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். வியர்வை நாற்றமோ, புது மடியோ, வீறிட்டு அழுதது. அவன் பதறிப்போய் அதைத் தோளில் போட்டுத் தட்டினான்.

"அழாதடா தம்பி. அப்பா வந்துட்டேன்ல, தம்பி."

அதில் விசேஷம் எதுவுமில்லை. பெயர் இல்லாததால் நாங்கள் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டோம். தடுப்பூசி போட்ட நர்ஸ்கூடத் தம்பியைக் கொண்டாங்க என்றுதான் சொன்னார். இந்தப் பக்கம் எந்தப் பையனும் தம்பிதான்.

மருமகள் தலையை நிமிர்த்தினாள்.

"யாருக்குத் தம்பி?"

ஐயர் அரிசியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மகன் தட்டுவதை நிறுத்தவில்லை. எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தேன். இடையில் புகுந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அவனுக்குத்தான்" என்றான்.

"அவன்னா யாரு? சொல்லுங்க. நான் மட்டும்தான் அவனைப் பெத்தேனா?"

அவன் சொன்னான். குழந்தை தோளில் இருக்க, காதுக்கு வெகு அருகே, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டுக் குழந்தையின் முகத்தைத் திருப்பி அவசரமாகப் பார்த்தான். அது அழுகையை விட்டு அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது. மருமகள் அழுதாள். அவனும். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பேரு அவனோடதாவே இருக்கட்டும். இவனுக்கு வேற பாக்கலாம்" என்றாள்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு பெயர் எதுவும் கைவசம் இல்லை. மகன் என்னைப் பார்த்தான். ஓராண்டு வரை அவகாசம் இருக்கிறது என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவன் குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை, தம்பி என்றே சொன்னான். அரிசியில் எழுதவில்லை.

அடுத்த வாரம் அவள் வேங்கிக்காலுக்கு வந்துவிட்டாள். தொட்டிலிலிருந்து துணிகள் அலமாரிக்குப் போயின. பெயர் இன்னும் முடிவாகவில்லை. சனி ஞாயிறுகளில் இருவரும் ஒரே வீட்டில், வாய்விட்டுச் சண்டை போடுகிறார்கள். க-வில் தொடங்குவதெல்லாம் கிழட்டுப் பெயர் என்கிறாள் அவள். தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது பேரன் அழுது ஊரைக் கூட்டினான். "உங்கண்ணன் இவ்ளோ அழமாட்டான்டா" என்றாள் அவள்.

மகன் வெந்நீர் வாளியை நகர்த்தி வைத்தபடி, "அவன் உதைப்பான்" என்றான்.