கட்டுப் போட்ட கட்டைவிரல்

எனக்கு அப்போது ஏழு வயது. முன்பல் விழுந்து முளைத்த பிறகும் வலது கட்டைவிரல் வாயைவிட்டு வெளியே வருவதாக இல்லை. அம்மா செந்நாயகம் பூசிப் பார்த்தாள். குழந்தைகளைப் பால்குடி மறக்கடிக்கத் தடவுகிற கசப்பு மருந்து அது. முதல் நாள் குமட்டியது, மூன்றாம் நாள் ருசித்தது. வெறுத்துப்போய், பழைய வேட்டியைக் கிழித்து விரலில் இறுகக் கட்டினாள்.

அந்த வாரம்தான் மலையாள ராஜ்யத்தில் இருந்த பாறசாலைப் பக்கத்து எங்கள் ஊரையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போன அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தவர்கள் என் கட்டைப் பார்த்துவிட்டார்கள்.

"எலே, பிள்ளையக்கூட விடல்லியே பாவிகள்!"

எதற்குக் கட்டு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வருகிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்? சாயங்காலக் கூட்டத்தில் அப்பாவின் கூட்டுக்காரர் என்னைத் தோளில் ஏற்றினார்.

"கோஷம் போடு மக்கா!"

எனக்கு மூக்கு பேருக்குத்தான், மூச்செல்லாம் வாயால். "தாய்த் தமிழ்நாட்டோடு" வரை வந்தேன், மூச்சு தீர்ந்துவிட்டது. மீதியைக் கூட்டம் முடித்தது. அத்தனை முகங்களைக் கண்ட பயத்தில் பல்லால் முடிச்சை அவிழ்த்து விரலை வாயில் வைத்துவிட்டேன். காயமுமில்லை, கீறலுமில்லை, எச்சிலில் ஊறி வெளுத்த விரல். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். நான் அழுதேன். அப்பா இல்லாத வீட்டில் அந்த விரல்தான் எனக்குத் தூக்கம் என்று யாருக்குத் தெரியும்?

பதினோராம் நாள் அப்பா வந்தார். அவருடைய வலது கட்டைவிரலில் கட்டு. அது நிஜமான கட்டு, லத்தியடி. கூட்டத்துக் கதை அவருக்கு அதற்குள் எட்டியிருந்தது.

"ஒனக்க கட்டு எங்க மக்கா, அவுத்தாச்சா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரலை வலிக்காமல் பிடித்துக்கொண்டேன். அன்று முழுக்க விடவே இல்லை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேரவில்லை. என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும்கூட இன்றுவரை சேரவில்லை. போன மாதம் குறட்டைக்காகப் போனபோது பல் டாக்டர் காரணம் சொன்னார். வளர்கிற வயதில் விரல் அழுத்தி அழுத்தி மேலண்ணம் குறுகி உயர்ந்துவிட்டதாம், மூக்கில் காற்றுக்கு இடமில்லையாம்.

"எந்த வயசுவரை சப்பினீங்க?" என்று கேட்டு, எழுதப் பேனாவைத் திறந்தார்.

"அப்பா ஸ்டேஷன்லருந்து வாறது வரைக்கும்" என்றேன்.