நான் மேற்படி போட்ட இரண்டு நாட்கள்

மணியா,

"ஏலே மணியா" என்று கூப்பிட்டால் உள்ளறையிலிருந்து "இரு யக்கா, வாரேன்" என்று குரல் வரும். கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் குச்சி காயவைக்கும் அறை வாசலில் நின்று, மீட்டரில் சூடு பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளை அண்ணாச்சி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். "ஏட்டி செல்வி, ஒனக்குத்தான். ஆஸ்பத்திரில இருந்து" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

"சுப்பிரமணியனுக்கு நீங்க என்ன வேணும்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"அக்கா."

"உடனே வாங்கம்மா."

"உசுரு இருக்கா?" என்று கேட்டேன். "சீக்கிரம் வாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டது.

என் தம்பியைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள் என்று எழுதிக் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். அவன் இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து கோவில்பட்டிக்கே வந்துவிட்டான். அம்மா அப்பா இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மற்ற நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான். எழுந்து நிற்க முடியாத நாளிலும் வேலையை விட்டதில்லை.

என்ன வேலை என்று ஒரு நாள் கேட்டேன்.

"டீபக்கர்னு ஒண்ணு இருக்கு யக்கா. ப்ரோகிராம்ல தப்பு எங்கன இருக்குன்னு தேடுத கருவி. உள்ள ஒரு எண்ணு யாருக்கும் தெரியாம மாறிப்போகும். அதுக்கு ஒரு காவல் போடுவோம். வாட்ச்பாயிண்ட்டுன்னு பேரு. அந்த எண்ணு மாறின ஒடனே எல்லாம் அப்படியே நின்னுரும்."

"பொறவு?"

"முன்னாடி என்னவா இருந்துச்சு, இப்ப என்னவா ஆச்சுன்னு திரையில காட்டும். கண்ணால பாத்துக்கிடலாம், அவ்வளவுதான். எடுத்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்த முடியாது. நான் என்ன செய்யுதேன்னா, பழசுக்கு ஒரு பேரு, புதுசுக்கு ஒரு பேரு, எந்தக் காவல் பிடிச்சுதுன்னு ஒரு பேரு வைக்கேன். டீபக்கரே அதுல போட்டு வச்சிரும். பேரைச் சொன்னா எண்ணு வந்துரும்."

எழுதியும் காட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் டாலர் குறி இருந்தது.

"பேருக்கு முன்னாடி மட்டும் டாலரு. வீட்டுக்குள்ள ஒண்ணையும் காணுமே" என்றேன்.

"ஒன் வாயி இருக்கே" என்று சிரித்தான். சிரித்தால் மூச்சு வாங்கும். அப்படியும் சிரிப்பான்.

அவனுக்கு நான் போட்ட காவல் எடை. சிறுநீர் போகாததால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். காலையில் எடை மிஷினில் ஏறி நிற்பான். குனிந்து பார்த்தால் தலை சுற்றும் என்பதால் சுவரைப் பிடித்துக்கொள்வான். நான் உட்கார்ந்து எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவேன். டயாலிசிஸ் நாளில் மட்டும் அது முடிந்து வந்தபிறகு எடை பார்ப்போம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவுல இடைவெளி அதிகம். ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா செவ்வாய் வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க." அவன் உயிர் அந்த நோட்டில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை போனில் இங்கிலீஷில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அவனோடு அந்தக் கருவியில் வேலை செய்கிற ஒரு வெளிநாட்டுக்காரரோடு வாக்குவாதம். முடிந்ததும் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"யாருகூடலே இம்புட்டுச் சண்டை?"

"எல்லா தடவையும் காவல் பிடிச்சுத்தான் ப்ரோகிராம் நிக்கும்னு இல்லக்கா. வேற காரணத்துக்கும் நிக்கும். அப்ப அந்தப் பேருகள்ல என்ன இருக்கணும்னு பேச்சு. பழசு அப்படியே கெடக்கட்டும்னு அவர் சொல்லுதார். காலியாக்கணும்னு நான் சொல்லுதேன்."

"கெடந்துட்டுப் போட்டுமே. என்ன கெட்டுப்போவுது?"

"போன தடவை உள்ளதை இப்ப உள்ளதுன்னு நம்பிருவானே. காலியா இருந்தா, தெரியாதுங்கதாவது தெரியும்."

"பூச்சியம் போட்டுருங்க."

"பூச்சியமும் ஒரு எண்ணுதான யக்கா. பாக்காததுக்கு ஏது எண்ணு?"

இதைக் காதால் கேட்டவள்தான் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மிஷினில் ஏறினான். எண் வரவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. அவன் காதில் போனை மாட்டி யாருடனோ பேசிக்கொண்டே நின்றான். எவ்வளவு என்று கையாலேயே கேட்டான். "நேத்து மாதிரிதாம்லே" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். ஆபீசில் சூடு எழுதுகிற அட்டையில் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏச்சு விழும். வேலை நெருக்கடியில் மீட்டரைப் பார்க்க விட்டுப்போனால், மேல் கட்டத்தில் உள்ளதேதான் என்று மேற்படிக் குறி போட்டுவிடுவோம். எல்லாரும் போடுவோம். பதினெட்டு வருஷமாகப் போட்ட கை அது. வீட்டு நோட்டிலும் அதே கைதான் போட்டது. சாயங்காலம் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன். வெயில் தாங்காமல் அவன் கேட்டபோது ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகவும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஏறி நின்றான், நான் குனிந்தேன், இன்னொரு மேற்படி போட்டேன். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவன் நோட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது.

"ரெண்டு நாளும் அதே எடையாக்கா?"

"ஆமாலே. ஏன், மூச்சு கீச்சு வாங்குதா?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இல்ல, வெக்கைதான். இன்னைக்கு அந்த வேலைய முடிச்சு அனுப்பிருதேன். நாளைக்கு ஆஸ்பத்திரி. நீ போ, வண்டிக்காரர் கத்துதார்."

சாயங்காலம் நான் வந்தபோது படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தான். "இப்பவே போயிருவோமாலே?" என்றேன். "அனுப்பிட்டேன் யக்கா. விடியட்டும்" என்றான். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவை நம்பினேன். காலையில் ஆட்டோவில் அவனே ஏறினான். "கூட வாரேன்" என்றதற்கு, "பழக்கப்பட்ட எடம்தான, நீ வேலைக்குப் போ" என்றான். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டதாம். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார்கள். அங்கே எடை பார்த்திருக்கிறார்கள். நான்கு கிலோ ஏறியிருந்தது.

நேற்று அவனோடு வேலை பார்த்த மல்லிகா சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். "அக்கா, மணி அனுப்பினதை எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. அந்த வெளிநாட்டுக்காரரும்தான். மணி சொன்ன மாதிரியே, காவல் பிடிக்கலைன்னா காலியா இருக்கும்" என்றார்கள். அவனைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னவர்களும் அவர்கள்தான். நல்லதாக நாலு வரி போதும் என்றார்கள். அவன் நல்லவன்தான், அதை எத்தனை வரியும் எழுதலாம். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவள், நடந்ததை விட்டுவிட்டு நல்லதை மட்டும் இங்கே எழுதக்கூடாது.

நோட்டு என் மடியில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் இனி எதுவும் எழுத மாட்டேன்.

போய் வா, மணியா. உலகத்தில் எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் பழைய எண்ணை நம்பி ஏமாறக்கூடாது என்று அந்த மூச்சோடு மல்லுக்கட்டினாய். திங்கட்கிழமை அந்த இரண்டு குறியையும் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாயே, நான் மிஷினைப் பார்க்கவில்லை என்று அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டதா?