கவிழாத கார்

அமல்தாஸ் அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கெல்லாம் போட்டோ எடுப்பவர். நாற்பதை நெருங்குகிறார். போன கோடையில் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்த ஏரியில் கார் ரேஸ் நடந்தபோது, சம்பளமில்லாமல் படம் எடுக்க வந்தார். அவர் நின்ற வளைவில் நான் கொடி காட்டும் தன்னார்வலன். ஒரு டீ-சர்ட்டும் மதியச் சாப்பாடும் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். வேறு வேலை இல்லாததால் போனேன். அண்ணனுக்குக் காரணம் இருந்தது.

ரேஸ் படங்களுக்குப் பொறுப்பாளர் நவநீதன், சேலத்துக்காரர். "நல்லா எடுத்தீங்கன்னா எங்க டீம்லயே சேர்த்துக்கறேங்க, மாசச் சம்பளம்" என்று போனில் சொல்லியிருந்தார். அதையே அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கடைசிப் பந்தியில உக்காந்து ரசம் மட்டும் ஊத்திக்கற பொழப்பு போதும்டா தம்பி."

பாதையோரம் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், கேமராவில் ஜவுளிக்கடைக் கவரைச் சுற்றிக்கொண்டு மண்டியிட்டார். முதலில் வந்த கார்களின் படங்களில் புழுதி மட்டுமே விழுந்தது. பிறகு காரோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பக் கற்றுக்கொண்டார். "பாரு" என்று காட்டினார். டயர் கிளப்பிய மண்கட்டி அந்தரத்தில் நின்றது. இவருக்கு வேலை கிடைத்துவிடும் என்று நானும் நம்பினேன்.

அடுத்து ஒரு நீலக் கார் வந்தது. வேகம் அதிகம். கரை மண்ணில் இடித்து, ஒரு பக்கமாகத் தூக்கி, எங்களுக்கு நேர் எதிரே புரண்டு தலைகீழாக விழுந்தது. நான் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே அண்ணனைப் பார்த்தேன். கேமரா அவர் மார்பில் சாய்ந்திருந்தது. வலது கை சிலுவை போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தச் சாய்ப்பு தெரியும். விசேஷத்தில் குத்துவிளக்கு அணைந்தாலோ, பெண்ணின் அப்பா மயங்கி விழுந்தாலோ அவர் கேமரா அப்படித்தான் இறங்கும். ஆகாதது ஆல்பத்தில் வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் படம் எடுப்பதில்லை. எடுத்தவனை அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை.

ஓட்டியவன் பெங்களூர்ப் பையன். ஊர்ந்து வெளியே வந்தான், கீறல்கூட இல்லை. ஆட்கள் சேர்ந்து காரை நிமிர்த்தினார்கள். அதன் பிறகுதான் அண்ணன் கேமராவைத் தூக்கி, கார் பக்கத்தில் அவனை நிறுத்தி ஒரு படம் எடுத்தார்.

நவநீதன் ஓடி வந்தார். "கெடச்சுதுங்களா?"

"இல்லைங்க. கவுந்துருச்சுங்களே."

"கவுந்ததைத்தாங்க கேக்கறேன்!"

"உள்ள ஆள் இருந்துச்சுங்க. அதைப் போயி எப்படிங்க..."

"இதென்ன கல்யாண மண்டபமா? மாலையைப் போட்டு மறுபடியும் கவுக்கச் சொல்லட்டுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் கொஞ்சம் சிரித்தார். அதற்குள் அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆவலோடு வந்தான்.

"அண்ணா, கவுந்த போட்டோ இதியா? ஸ்டேட்டஸ்ல போடணும்."

இருக்கா என்றுதான் கன்னடத்தில் கேட்கிறான். அண்ணன் கேமராக் கவரை இழுத்துச் சரிசெய்தார். கரையில் நின்ற யாரோ போனில் எடுத்த வீடியோவை நவநீதன் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பின் வந்த கார்களையும் அண்ணன் விடாமல் எடுத்தார். நவநீதன் எங்கள் வளைவுக்குத் திரும்பி வரவே இல்லை. சாயங்காலம் மெமரி கார்டைக்கூட யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்காக நின்றபோது, நீங்கள் செய்தது சரிதான் என்று சொல்ல நினைத்தேன். சரிதானா? எனக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், வேலையில்லாத என் வாயிலிருந்து அது வந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? அவர் போன் அடித்தது. பாப்பாரப்பட்டியில் ஒரு காதுகுத்து. "வந்தர்றேங்க" என்றார்.

பஸ்ஸில் கேமராவை என்னிடம் கொடுத்தார். ஒரு படத்தில் நீலக் கார் புழுதியோடு வருகிறது. அடுத்ததில் அந்தப் பையன் காருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். இரண்டிலும் கார் நான்கு சக்கரத்தில் நிற்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை.