மாமி கொண்டுவந்த நெகட்டிவ்

பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்ய எது நல்ல வழி என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். கேட்டதுமே எனக்குச் சூடேறிய பட்டர் பேப்பர் வாசனைதான் வந்தது. அவர் வேறு ஆளைக் கேட்டிருக்கலாம்.

தொண்ணூறுகளில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு டிடிபி கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரையே கண்டுபிடித்தவன் மாதிரி நடந்துகொண்ட காலம். ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி ஒற்றை நெகட்டிவோடு வந்தார். காய்ச்சலில் எப்போதோ போய்விட்ட மகளுடையது. மழைத் தண்ணீர் பீரோவுக்குள் புகுந்து ஆல்பம் கூழாகிவிட, மிஞ்சியது இதுதான். படம் இல்லாத குறைக்கு, வெள்ளிக்கிழமைதோறும் நெகட்டிவுக்கே சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்! நெற்றியில் அது காய்ந்து மேடு கட்டியிருந்தது.

“நேக்கு அவ மொகம் மறந்துண்டே வரதுடா அம்பி,” என்றார்.

ஸ்டூடியோக்காரர் கழுவினால்தான் பிரிண்ட் என்றாராம். கழுவினால் சந்தனத்தோடு முகமும் உரிந்து வரலாம். மவுண்ட் ரோட்டில் டிரம் ஸ்கேனர் உண்டு. அதில் எண்ணெய் தடவி, உருளையில் ஒட்டிச் சுழற்றுவார்கள்; அதுவும் கழுவுவது மாதிரிதான். மிச்சம் எங்கள் சாதா ஸ்கேனர். அது காகிதத்துக்கானது, நெகட்டிவுக்கு மேலிருந்து வெளிச்சம் வேண்டும். பட்டர் பேப்பரைப் போட்டு, அதன்மேல் டேபிள் லேம்பைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. பொட்டு கண்ணாடியில் உரசி உதிரக்கூடாதே என்று பிலிமைத் திருப்பி வைத்தேன்.

“சார், சூட்டுல பிலிம் சுருள்றா மாதிரி கீது. நிறுத்தட்டா?” லேம்பைப் பிடித்திருந்தவன் என்னோடு வேலை பார்த்த பாபு.

நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து அதே சூடு. “புடிச்சுக்கோ,” என்றேன்.

ஒருவழியாக முடிந்து, கறுப்பை வெளுப்பாக்கினேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு சின்னப் பெண் திரையில் சிரித்தாள். மாமி சிரிக்கவில்லை.

“மச்சம் இடது கன்னத்துலதானே இருக்கும்? இதுல வலதுல இருக்கே... அதுவும் மறந்துபோயிடுத்தா நேக்கு?”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, பிலிமைத் திருப்பி வைத்த மகானுபாவன் நானல்லவா! படத்தை இடம் வலமாக மாற்றினேன். மச்சம் இடது கன்னத்துக்குப் போயிற்று.

“மறக்கலடா. நான் மறக்கல,” என்று திரையைத் தொட்டு விசித்து அழுதார் மாமி.

கடை இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. பாபு எங்கே இருக்கிறானோ. மாமி போய்ச்சேர்ந்து வெகுகாலமாகிறது. அவருக்கென்று வேறு யாருமில்லை. அந்த மச்சத்தைத் தெரிந்தவன் இனி நான் ஒருத்தன்தான். இதை எழுதும்போது, இடதா வலதா என்று ஒரு நிமிஷம் எனக்குப் பேனா நின்றுவிட்டது.